உறைந்த கண்மாயின் மேல் ஒரு ஃபியட்

வெயிலுகந்தான்பட்டியில் முதல் பனி விழுந்தது அக்கினி நட்சத்திரத்தின் நட்டநடுவில், ஆடுகள் வேலிக்கருவை நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துக்கிடந்த ஒரு மத்தியானத்தில். எங்கோ ஒரு பஞ்சுக் கிட்டங்கி வெடித்துப் பஞ்சு பறந்து வருகிறதென்று நினைத்த ஊர்க்காரர்கள், கைக்குக் கிடைத்த சாக்குகளை எடுத்துக்கொண்டு காட்டைப் பார்த்து ஓடினார்கள். அள்ளிக் கட்டிய பஞ்சு வீடு வந்து சேர்வதற்குள் தண்ணீராகி முதுகெல்லாம் வழிந்தபோதுதான், இது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அது நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை, ஆடி வந்து காற்று திரும்பியபோதும் நிற்கவில்லை. ஊர் எல்லைக்குள் மட்டும்தான் விழுந்தது. மேற்கே ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாண்டி ஒரு அடி வைத்தால் தார் உருகிச் செருப்பில் ஒட்டும், ஒரு அடி பின்னால் வைத்தால் முழங்கால் வரை வெள்ளை. டவுனிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள், குச்சியை ஊன்றி அளந்தார்கள், கிடாக்கறி சாப்பிட்டார்கள், பெயர்ப்பலகைக்கு அந்தப் பக்கம் போய்ச் சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். ஊர் கூடி அம்மனுக்கு ஆடு வெட்டியது. வெட்டிய ஆட்டின் ரத்தம் கல்லில் ஓடாமல் சிவப்புக் கட்டியாக நின்றுபோனதைப் பார்த்துவிட்டு, இது சாமி சமாச்சாரம் இல்லை என்று பூசாரியே சொல்லிவிட்டார். அதன்பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை. சாக்கைத் தைத்துச் சட்டையாகப் போட்டுக்கொண்டார்கள், காலில் டயர் டியூபை வெட்டிச் சுற்றிக்கொண்டார்கள், குழம்பு உறைந்துபோனால் அரிவாளால் கொத்தித் தின்றார்கள்.

ஆனால் பருத்தி செத்தது, கம்பு செத்தது. தீப்பெட்டிக் கம்பெனியின் தகரக்கூரை பனியின் பாரம் தாங்காமல் ஒருநாள் காலையில் வேலைக்கு உட்கார்ந்திருந்த பெண்களின் மேலேயே இறங்கியது. விறகுக்காகச் சண்டை வந்தது. கூடப்பிறந்த இருவர் கண்மாய்க்கரையில் நின்ற ஒரே ஒரு வேலிக்கருவைக்காக மோதிக்கொண்டு, மூத்தவன் இளையவனின் மண்டையைக் கோடாரிப் பிடியால் பிளந்தான். முன்பெல்லாம் அந்த ஊரில் ரத்தம் சிந்தினால் கரிசல் மண் அதைக் குடித்துவிடும், மறுநாள் பார்த்தால் இடம்கூடத் தெரியாது. பனி குடிக்கவில்லை. விழுந்த ரத்தம் விழுந்தபடியே கிடந்தது, அதன் மேல் பனி விழுந்து மூடினாலும் அடியிலிருந்து ரோஜா நிறத்தில் தெரிந்தது. ஜனங்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினார்கள்.

அப்போதுதான் கண்ட்ராக்டர் தளவாய் வந்தார். அதே ஊரில் பிறந்து, ஆற்று மணலை அள்ளிப் பெரிய ஆளானவர். துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் வேண்டும், ஊரில் பனி கொட்டிக்கிடக்கிறது என்று அவர் லாரிகளையும் பனி அள்ளுகிற இரும்புச் சவல்களையும் கொண்டுவந்து இறக்கியபோது, வேலை இல்லாத ஊர் மொத்தமும் வரிசையில் நின்று சவல்களை வாங்கிக்கொண்டது. வேலையை மேய்க்க அவர் தன் தம்பி ஊர்க்காவலனை விட்டிருந்தார். ஊர்க்காவலன் ஜீப்பில் நின்றபடியே கூலிக்காரர்களைப் பெல்ட்டால் அடிப்பான். பனியில் குளிர்ந்த முதுகில் விழுகிற அடி எப்படிப்பட்டதென்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வரிசையில் சவல் வாங்கியவர்களில் கொம்பையாவும் ஒருவன். ஒரு காலத்தில் மில் முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தவன். ஓடித் தேய்ந்த பழைய ஃபியட் ஒன்றை முதலாளி அவனுக்கே கொடுத்துவிட, ஊரில் அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் புழுதிக்காற்றில் கண் தெரியாமல் ஆட்டுக்கிடை மேல் ஏற்றிவிட்டான். ஆடுகளுக்குச் சொந்தக்காரனான இருளப்பன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் கொம்பையாவுக்கு அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொட்டால் கை நடுங்கியது. வண்டியை அவன் பெண்டாட்டி செண்பகவல்லி எடுத்துக்கொண்டாள். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் கல்யாணத்துக்கும் அந்த வெண்ணெய் நிறக் காரை அவள்தான் ஓட்டினாள்.

பனி வந்த பிறகு ஊரிலிருந்த ஆட்டோக்கள் கவிழ்ந்தன, வேன்களின் ரேடியேட்டர்கள் வெடித்தன, பஸ் பெயர்ப்பலகையோடு நின்றுகொண்டது. செண்பகவல்லியின் ஃபியட் மட்டும் ஓடியது, ஏனென்றால் அவள் அதைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சாயங்காலமானால் பேட்டரியைக் கழற்றி அடுப்படியில் வைத்தாள். பானெட்டுக்குக் கம்பளி போர்த்தினாள். நாலு டயரிலும் தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி இறுக்கினாள். பின்சக்கரம் வழுக்காமல் இருக்க டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கினாள், கண்ணாடியில் பனி ஒட்டாமல் இருக்க வெங்காயத்தை அறுத்துத் தேய்த்தாள். எந்தக் குளிரிலும் உறையாது என்று ரேடியேட்டர் தண்ணீரில் சாராயம் கலந்தாள். அந்தச் சாராயத்தை உறிஞ்சிக் குடிக்கக் காருக்கு அடியில் படுத்த ஒருவனை ஜாக்கிக் கம்பியால் அடித்து அவன் முழங்கையை உடைத்த பிறகு, யாரும் அவள் வாசல் பக்கம் வரவில்லை.

"பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் போர்த்திவிட மாட்டாக, மதினி" என்று இருளப்பன் ஒருநாள் அவளைக் கேலி செய்தான்.

"பிள்ளை சளி பிடிச்சா அழும்யா. இது அழாது. நாமதான் பாத்துக்கிடணும்."

இருளப்பனின் ஆடுகள் முதல் மாதத்திலேயே நின்றபடி விறைத்துச் செத்துப்போயிருந்தன. மேய்ப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அவன் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருவான். அப்படிச் சுற்றியதால்தான், லாரிகளில் போவது பனி மட்டும் இல்லை என்பது அவன் கண்ணில் பட்டது. மேலே வெள்ளையும் அடியில் கறுப்புமாக, பனியோடு சேர்த்து ஊரின் கரிசல் மண்ணையும் ராத்திரியில் மிஷினை இறக்கி ஆள் உயரத்துக்குத் தோண்டி, விற்கக் கொண்டுபோனார்கள். பனி என்றைக்காவது நின்றால் விதைக்க ஊரில் மண் இருக்காது. அவன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். கேட்டவர்கள் கூலியை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். அதனால் மார்கழி மாதத்தில் ஒருநாள் விடிந்து வேலை தொடங்கும் நேரத்தில், அவன் தனி ஆளாகப் போய் லாரிச் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டான்.

ஊர்க்காவலன் ஜீப்பிலிருந்து இறங்கினான். எழுந்திரு என்று ஒருமுறை சொன்னான். இரண்டாம் முறை சொல்லவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்துவந்து, படுத்திருந்தவனின் தோளில் வெட்டினான், இடுப்பில் வெட்டினான், தடுக்க வந்த கையில் வெட்டினான். சுற்றி நின்ற ஊர் சவல்களைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றது. இருளப்பன் ஊர்ந்தும் உருண்டும் கண்மாய்க்கரை வரை போனான். அவன் போன வழியெல்லாம் பனியில் சிவப்பாக ஒரு பாதை விழுந்தது. எங்கே போய்விடுவான், மெல்லச் சாகட்டும் என்று ஊர்க்காவலன் பீடி பற்றவைத்தான். யாரும் டவுனுக்குத் தகவல் கொண்டுபோகக் கூடாது என்று பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் ரோட்டை மறித்து ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தச் சொன்னான்.

கொம்பையா வீட்டுக்கு ஓடிவந்தபோது அவன் வாயிலிருந்து வெறும் ஆவிதான் வந்தது. செண்பகவல்லி அவனை உலுக்கினாள்.

"இருளப்பனை வெட்டிட்டான். கம்மாக்கரையில கெடக்கான். உசுரு இருக்கு."

"நீங்க எங்க நின்னீக?"

"பக்கத்துலதான்." அவன் தரையைப் பார்த்தான். "பத்தடி இருக்கும்."

அவள் அடுப்படியிலிருந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"ஏ புள்ள, வேண்டாம். ரோட்டை மறிச்சிருக்கான். வண்டியோட சேத்துக் கொளுத்திருவான் ஒன்னைய."

"கம்பளியை உருவுங்க. ஏறுங்க."

ஃபியட் இருமியது, மறுபடி இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. கண்மாய்க்கரைக்கு அவள் இரண்டாவது கியரிலேயே, பிரேக்கைத் தொடாமல், பூனை நடப்பதுபோல் வண்டியைக் கொண்டுபோனாள். வேகமாக மிதித்தால் சக்கரம் சும்மா சுற்றும், பிரேக் அடித்தால் வண்டி பம்பரமாகத் திரும்பிவிடும் என்பதை இத்தனை மாதத்தில் அவள் கால்கள் படித்திருந்தன. இருளப்பனைப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். கட்டின துணி கட்டும்போதே சிவந்தது.

ரோட்டின் முனையில் லாரி குறுக்கே நின்றது தெரிந்தது. ஜீப்பின் விளக்குகள் பனிக்குள் மஞ்சளாக எரிந்துகொண்டு அவர்களை நோக்கி வந்தன. ஊர் எல்லை முடிகிற கண்மாயின் அக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உருகி ஓடிய பனியெல்லாம் சேர்ந்து கரை தொட நிரம்பி, அப்படியே உறைந்து கிடந்த கண்மாயின் மேல் அதுவரை நாய்கள்தான் நடந்திருந்தன.

செண்பகவல்லி கண்மாயைப் பார்த்தாள். பிறகு டிக்கியைத் திறந்தாள்.

"மூட்டையைத் தள்ளுங்க. ஸ்டெப்னியையும் தூக்கிப் போடுங்க. கனம் இருக்கக் கூடாது."

"மூட்டை இல்லாட்டி வழுக்குமே புள்ள."

"வழுக்கட்டும். உடையாம இருந்தாப் போதும்." கொம்பையா முன்கதவைத் திறக்கப் போனான். அவள் தலையாட்டினாள். "நீங்களும் கனந்தான்."

அவனைக் கரையில் விட்டுவிட்டு அவள் ஃபியட்டைச் சரிவில் இறக்கினாள். ஐஸின் மேல் ஏறியதும் வண்டி அவள் சொல் கேட்கவில்லை. பின்பக்கம் இடதுபுறம் போக ஆசைப்பட்டது, அவளும் ஸ்டீயரிங்கை இடதுபுறமே ஒடித்துக் கொடுத்தாள், வலதுபுறம் போக ஆசைப்பட்டபோது வலதுபுறம் கொடுத்தாள். சண்டை போடாமல், அது போகிற போக்குக்கு இணங்கி இணங்கியே அக்கரையைப் பார்த்து நகர்த்தினாள். அடியில் ஐஸ் நெட்டி முறித்தது. கயிறு சுற்றிய டயர்களுக்குக் கீழே வெள்ளைக் கோடுகள் ஓடின. பின்னால் ஜீப் கரையைத் தாண்டிக் கண்மாய்க்குள் குதித்தது, ஊர்க்காவலன் தலையை வெளியே நீட்டிக் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டு வந்தான்.

நடுக்கண்மாயில் அந்தச் சத்தம் கேட்டது, ஒரு வீட்டின் உத்தரம் முறிகிற சத்தம். செண்பகவல்லி கண்ணாடியில் பார்த்தாள். ஜீப் இல்லை. ஜீப் இருந்த இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் இருந்தது, தண்ணீரிலிருந்து ஒரு கை மேலே வந்து ஐஸின் விளிம்பைப் பிடித்தது, விளிம்பு ஒடிந்தது, கை மறுபடியும் வந்தது.

"மதினி" என்றான் இருளப்பன் பின்சீட்டிலிருந்து. பின்கண்ணாடி வழியாக அவனுக்கும் அது தெரிந்திருந்தது. "நிறுத்து மதினி. கையைத் தூக்குதான்."

அவள் நிறுத்தவில்லை.

"கயிறு கெடக்குல்ல வண்டியில. நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தங்கள் வண்டியும் இறங்கிவிடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவள் கால் மிதித்தது அந்தக் கணக்குக்காக அல்ல. கண்ணாடியில் கை மூன்றாம் முறை வந்தது. பிறகு வரவில்லை.

அக்கரையில் ஏறியதும் வெயில் காரின் மேல் சட்டியைக் கவிழ்த்ததுபோல் விழுந்தது. முன்கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விரிசல் விட்டது, கூரைப் பனி வழிந்து ஜன்னல்களில் ஓடியது. இருளப்பன் வெட்டுப்படாத கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.

"வெயிலு" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் கண்கள் திறந்திருந்தன, வெளியே நீட்டிய கையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மூச்சு இல்லை. அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் நெற்றியால் இடித்துக்கொண்டு அழுதாள். நிறுத்தச் சொன்னபோது நிறுத்தியிருந்தால் இவன் பிழைத்திருக்கப்போவதில்லை, ஊர்க்காவலனாவது பிழைத்திருப்பான் என்பதும் அந்த அழுகைக்குள் இருந்தது. அன்றைக்கு அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டவுனில் டாக்டரிடம் காட்டி, போலீசில் சொல்லி, பிணத்தை வாங்கிக்கொண்டு அவள் மறுநாள் ஊர் திரும்பினாள். ரோட்டை மறித்த லாரி போயிருந்தது. இருளப்பனைப் புதைக்க மண்வெட்டி இறங்கவில்லை. கரியைக் கொட்டி எரித்துத் தரையை இளக்கித்தான் தோண்டினார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அந்தப் பத்தடி தூரம் ஞாபகம் இருந்தது.

தளவாய் துறைமுகத்திலிருந்து வந்து கண்மாயின் நடுவுக்கு நடந்து போனார். உடைந்த இடம் அதற்குள் மறுபடி உறைந்து மூடியிருந்தது. அவர் மண்டியிட்டுப் பனியைக் கையால் துடைத்தபோது, அடியில் ஜீப்பின் விளக்கு இன்னும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது, அந்த வெளிச்சத்தில் தம்பியின் முகம் ஐஸுக்குக் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தளவாய் முஷ்டியால் ஐஸைக் குத்தினார். தோல் கிழியும்வரை குத்தினார். ஐஸ் ஒரு மயிரிழை விரிசல்கூட விடவில்லை.

மறுநாள் காலையில் ஊர் வழக்கம்போல் சவலோடு வரிசையில் நின்றது. தளவாய் வரிசையைப் பார்க்கவில்லை. லாரி ஆட்கள் நாலைந்து பேரோடு பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு நேராக செண்பகவல்லியின் வாசலுக்கு நடந்தார். வரிசை கலைந்து, சவல்களோடு அவருக்குப் பின்னாலேயே வந்தது. வேடிக்கை பார்க்க வந்ததா, வேறெதற்காவது வந்ததா என்று வந்தவர்களுக்கே தெரியாது.

"என் தம்பி தண்ணிக்குள்ள கெடக்கான். இந்த டப்பா வண்டி வெளிய நிக்குது" என்றார் தளவாய். கேனைத் திறந்து பானெட்டின் மேலும் கம்பளியின் மேலும் ஊற்றினார்.

செண்பகவல்லி வீட்டிலிருந்து இறங்கிவந்து, அவரைக் கடந்து, விடிந்ததுமே பேட்டரியை மாட்டி வைத்திருந்த காரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இறங்குடி."

"இறங்க மாட்டேன். ஊருக்கு இருக்கது இந்த ஒரு வண்டி. கொளுத்தணும்னா இப்படியே கொளுத்துங்க."

கொளுத்த மாட்டார் என்று அவள் நினைத்தாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. அவர் தீக்குச்சியை உரசிப் போட்டார்.

கம்பளி பிடித்துக்கொண்டது, பானெட் பிடித்துக்கொண்டது, கண்ணாடிக்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு எழுந்து நின்றது. செண்பகவல்லி கதவைத் தள்ளினாள், அந்தப் பக்கமும் நெருப்பாக இருந்தது. அப்போது ஒரு சவல் பனி வந்து கண்ணாடியில் அடித்தது. அது கொம்பையா போட்டது. அவன் அள்ளி அள்ளிப் போட்டான், அடுத்து ஒரு பெண் போட்டாள், அடுத்து இன்னொருவன் போட்டான், அந்தச் சவல்களால் எத்தனையோ மாதம் லாரிகளை நிரப்பிப் பழகிய ஊர் மொத்தமும் பழகிய கையோடு அள்ளிப் போட்டது. நெருப்பு சீறியது, புகைந்தது, அணைந்தது, கார் பனிக்குள் மூடிப்போயிற்று. உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லிக்குச் சவல்களின் சத்தம் மட்டும் கேட்டது. சரக், சரக், சரக். நெருப்பு அணைந்தும் அது நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், பனி இப்போது காரின் மேல் விழவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

தோளால் முட்டிக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். லாரி ஆட்கள் ஓடிப்போயிருந்தார்கள். யாரோ சவலின் முனையால் முழங்காலில் அடித்துத் தளவாயைக் கீழே விழத்தட்டியிருந்தார்கள். அவர் எழுந்திருக்க முயன்றபோதெல்லாம் முகத்தில் ஒரு சவல் விழுந்தது. இடுப்பு மூடியது, மார்பு மூடியது, கத்திக்கொண்டிருந்த வாய் மூடியது. பனிக்கு வெளியே இரண்டு கைகள் மட்டும் விரல்களை விரித்துக்கொண்டு நின்றன. ஊர் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தது, யாருடைய முகத்திலும் கோபம்கூட இல்லை, வேலை செய்கிற முகம்தான் இருந்தது.

"போதும்" என்று செண்பகவல்லி கத்தினாள். யாரும் கேட்கவில்லை. ஒருத்தியின் சவலைப் பிடித்தாள், அவள் இவளை உதறித் தள்ளிவிட்டு அள்ளினாள். செண்பகவல்லி கீழே விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து பார்த்தபோது பனிக்கு மேலே அந்தக் கைகள் தெரிந்தன.

அவள் எழுந்து காருக்குள் பாய்ந்து ஹாரனில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தம் நீண்டுகொண்டே போயிற்று, பனி விழும் ஊரின் அமைதியில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை. ஒரு சவல் நின்றது. அடுத்த சவல் நின்றது. ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. கடைசிவரை ஒரே ஒரு சவல் அள்ளிக்கொண்டிருந்தது, அது கொம்பையாவுடையது. பிறகு அதுவும் நின்றது.

தோண்டி எடுத்தபோது அவருக்கு உயிர் இருந்தது. உதடு நீலமாக இருந்தது, விரல்கள் கட்டை மாதிரி விறைத்து வெளுத்திருந்தன.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். வண்டியில ஏத்துங்க" என்றாள் செண்பகவல்லி.

"இவனையா?" என்றான் கொம்பையா. "இருளப்பன் செத்த சீட்டுலயா?"

"வேற சீட்டு இல்ல."

"நான் தொட மாட்டேன்."

யாரும் தொடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அவரது அக்குளில் கையைக் கொடுத்து அவளே இழுத்துக்கொண்டுபோய்ப் பின்சீட்டில் ஏற்றினாள். பானெட் கறுத்து, கொப்புளம் கொப்புளமாக நின்ற ஃபியட் பலமுறை மறுத்து, கடைசியில் முனகிக்கொண்டு கிளம்பியது.

பாதி வழியில், பேச்சு மூச்சில்லாமல் கிடந்த தளவாய் எழுந்து உட்கார்ந்தார். அவள் கண்ணாடியில் பார்ப்பதற்குள் பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் கழுத்தைச் சுற்றி வந்தன. இரும்புக் குழாய்கள் மாதிரிச் சில்லென்று இருந்தன. அவர் நெரித்தார். நெரிக்க நினைத்தார். விரல்கள் மடங்கவில்லை. விறைத்த பத்து விரல்கள் அவள் தொண்டையின் மேல் கிடந்தன, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சிரைத்தார்.

செண்பகவல்லி வண்டியை நிறுத்தவில்லை. பனியில் திடீரென்று நிறுத்தினால் கவிழும். முன்னால் பெயர்ப்பலகை தெரிந்தது, அதற்கு அப்பால் வெயில் தெரிந்தது. வெயிலுக்குள் போனால் பனி உருகும், உருகினால் விரல்கள் மடங்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி வெயிலுக்குள்தான் இருந்தது.

"உங்க தம்பி மூணு தடவை கையைத் தூக்கினாரு" என்றாள் அவள். "இருளப்பன் நிறுத்தச் சொன்னான். கயிறு கெடக்குன்னு சொன்னான். நான்தான் நிறுத்தலை."

கழுத்திலிருந்த கைகள் இன்னும் அழுத்தின. பெயர்ப்பலகை நெருங்கியது. அவள் கண்ணை மூடவில்லை. காலை எடுக்கவும் இல்லை. ஃபியட் பனியிலிருந்து தாருக்குத் தாவி ஏறியது, வெயில் ஜன்னல் வழியாக உள்ளே கொட்டியது, அவள் கழுத்தில் தண்ணீர் வழியத் தொடங்கியது.

பிறகு தளவாய் அலறினார். உறைந்த சதைக்குள் ரத்தம் திரும்பும்போது வருகிற வலி அவள் அறியாதது, அவரும் அறியாதது. விரல்களை அவள் கழுத்திலிருந்து பறித்துக்கொண்டு, முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி அலறினார். நடுவே தம்பியின் பெயரைச் சொன்னார். அம்மா என்றார். டவுன் வரும்வரை அந்த அலறல் நிற்கவில்லை, அவளும் எங்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளிவந்த நர்ஸ் அவள் கழுத்தில் பதிந்திருந்த வெள்ளைத் தடங்களைப் பார்த்தாள். "இவரு யாரும்மா உங்களுக்கு?"

"ஊர்க்காரரு" என்றாள் செண்பகவல்லி.

தளவாயின் விரல்களில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. இன்ஸ்பெக்டர் வந்து, உங்களைப் புதைத்தது யார் என்று கேட்டபோது, அவர் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துவிட்டு, பனி சரிந்துவிட்டது என்றார். பயந்து சொன்னாரா, சொந்த ஊர் ஆட்களே தன்னை உயிரோடு மூடினார்கள் என்று சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னாரா, தெரியாது. அதன்பிறகு லாரிகள் வரவில்லை. பனி விழுந்துகொண்டுதான் இருந்தது. தோண்டிய பள்ளங்களை மூடி, மிச்சமிருந்த மண்ணின் மேல் ஊர் சாக்குகளை விரித்து வைத்தது.

கொம்பையா பல நாள் அவளிடம் பேசவில்லை. கறுத்த பானெட்டைத் தேய்த்து வெண்ணெய் நிறப் பெயிண்ட் அடித்தான், விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பசை வைத்தான், பின்சீட்டைக் கழற்றி உறையை மாற்றினான். எல்லாம் முடிந்த அன்று காலையில் அவள் சாவியை எடுத்துக்கொண்டு வந்தபோது, அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு நீ ஹாரன் அடிக்கலைன்னா" என்றான், "நான் நிறுத்தியிருக்க மாட்டேன் புள்ள."

"தெரியும்."

"அவன் செத்தா நல்லாருக்கும்னுதான் அள்ளினேன்."

"தெரியும்ங்க" என்றாள் அவள். "அன்னைக்குக் கம்மாயில நானும் அப்படித்தான் மிதிச்சேன்."

அவன் அவளைப் பார்த்தான். மேலத்தெருவில் யாருக்கோ இடுப்புவலி எடுத்துவிட்டதென்று ஒரு பெண் பனியில் விழுந்து எழுந்து ஓடிவந்துகொண்டிருந்தாள். கொம்பையா சுற்றிவந்து முன்சீட்டில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "எடு" என்றான்.